கழுவிய கத்தி

வெள்ளிமலைத் தோட்டம்,
வட்டகொடை.
25-1-55

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகள் நாகலெட்சுமிக்கு,

மாமா வீரய்யா எழுதிக்கொண்டது. இங்கே பனி கொட்டுகிறது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் சளி. எனக்கு மட்டும் இல்லை. என் உடம்பைப் பார்த்துச் சளி பயந்து திரும்பிவிட்டது. மற்றபடி சுகம் விசாரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. உட்கார்ந்துகொண்டு படி.

உன் தம்பி ஆண்டியப்பனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அழாதே. மாமா இருக்கிறேன். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்கினோம். கொழும்புக் காற்றில் நீ மறந்திருப்பாய்: முற்றின தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டி, மொட்டைத் தூராக நிறுத்துகிற வேலை. அதற்குக் கங்காணி யார்? உன் மாமாதான். 'வீரய்யாவை விட்டால் இந்த மலைக்கு ஆளில்லை' என்று பெரிய துரையே சொன்னார். இங்கிலீஷில் சொன்னதால் மற்றவர்களுக்கு விளங்கவில்லை. வழக்கம்போலக் கவ்வாத்துச்சாமி கல்லுக்கு முன்னால் எல்லாருடைய கத்தியையும் அடுக்கி, சேவல் அறுத்து, ஒவ்வொரு கத்தியிலும் இரத்தம் தொட்டு வைத்தோம். அந்த மலையை வெட்டி முடிக்கும்வரை கத்தியைக் கழுவக் கூடாது என்பது உனக்கே தெரியும்.

மத்தியானம் சிவபாதம் கண்டாக்கையா வந்தார். நீ போன பிறகு வந்தவர், யாழ்ப்பாணத்து ஆள். மலை வேலை முழுக்க அவர் மேற்பார்வை. ஆண்டியப்பன் வரிசைக்கு முன்னால் நின்று, இவ்வளவு பதிய வெட்டினால் செடி செத்துவிடும் என்று சத்தம் போட்டார். உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? கத்தியை ஓங்கினான் பார்! வெயில் அதில் பட்டு மலை முழுக்க மின்னல் அடித்தது. கண்டாக்கையா பின்னங்கால் பிடரியில் பட ஓடினார். தொப்பி ஒரு தண்ணிக் கானில், செருப்பு ஒரு கானில். நம் வம்சமென்றால் சும்மாவா! அன்றைக்குச் சாயந்தரமே வட்டகொடைக் கடையில் இதைச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். கடைக்காரன் பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் சாயந்தரம், பனி மூடின நேரம், கண்டாக்கையா முதுகில் குத்துப்பட்டு இரத்தத்தோடு வந்து தன் பங்களா வாசலில் விழுந்தார். பின்னாலிருந்து யாரோ குத்திவிட்டான், முகம் பார்க்கவில்லை என்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்குப் பயமில்லை. ஞாயிறு காலை பொலிஸ் வந்து லயத்தில் கவ்வாத்துக் கத்திகளையெல்லாம் வாங்கிப் பார்த்தது. எல்லாவற்றிலும் காய்ந்த சேவல் இரத்தம். ஆண்டியப்பன் கத்தி மட்டும் புதுப் பெண்ணின் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. பொலிஸ் வருகிறதென்று கேட்டதும் உன் அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். என் கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும் சொல்கிறேன், அப்படி ஒரு புத்தி.

"ரெத்தக் கறையோட எம்புள்ள கத்திய நீட்டச் சொல்றியாடா? சாமி பொறுத்துக்குவாரு, பொலிஸ் பொறுக்குமா?" என்கிறாள்.

சார்ஜன் கத்தியைத் திருப்பினார். மரப்பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவ்வளவுதான், கையில் விலங்கு. கத்தியையும் கறைபட்ட அவன் சட்டையையும் கட்டி, அரக்கு முத்திரை குத்திக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். எங்கே என்று கேட்டேன். இரத்தம் பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்காம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருக்கிற இடம்! உடனே கடைக்குப் போய்ச் சொன்னேன்: "அந்த ஆபீஸே எம் மருமக கையிலதான்யா ஓடுது. அவ ரெண்டு வரி தட்டினா, புள்ள வீட்டுக்கு வந்துருவான்."

ஆகவே தாயி, கத்தி வந்து சேர்ந்ததும் இது சேவல் இரத்தம், பையன் தங்கம் என்று ஒரு காகிதம் அடித்து, பெரிய முத்திரையாகப் பார்த்துக் குத்தி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிமலையின் தூண்,
உன் மாமா வீரய்யா

*

கொழும்பு
29-1-55

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன். வேறு எங்கும் அழ இடமில்லை.

இந்த ஆபீஸ் என் கையில் ஓடவில்லை. பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதை நான் டைப் அடிக்கிறேன். ஒரு எழுத்துப் பிழைத்தால் மறுபடி அடிக்கச் சொல்வார்கள். இதைக் கடையிலும் சொல்லிவிடுங்கள்.

அழுது முடித்துவிட்டு நேராகத் தம்பு ஐயாவிடம் போனேன். இங்கே இரத்தப் பரிசோதனை அவர் பொறுப்பு. என் தம்பியின் வழக்குப் பொருள் வருகிறது என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நீர் வந்து சொன்னது நல்லது. இண்டையிலையிருந்து அந்த வழக்குக் கோவை இருக்கிற அறைக்குள்ளை நீர் வரப்படாது. என்னட்டை ஒண்டும் கேக்கவும் படாது" என்றார். காகிதம் அடிக்க வேறொருவரைப் போட்டுவிட்டார். இனிமேல் முடிவு உங்களுக்குத்தான் முதலில் தெரியும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அவனுடைய அக்கா அந்தக் காகிதத்தைத் தொட்டாள் என்று வழக்கு விசாரணையில் கோட்டில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும், உண்மையான முடிவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிக்கு அடியில் இருக்கிற துளி போதும். கண்ணுக்குச் சேவல் இரத்தமும் மனித இரத்தமும் ஒன்றுதான், ஆராய்ச்சிக்கு அப்படியில்லை. முதலில் அது இரத்தமா, துருவா என்று பார்ப்பார்கள். பிறகு கறையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிவெடுப்பார்கள். மனித இரத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு மருந்துநீர், கோழி இரத்தத்துக்கு வேறொரு மருந்துநீர் இருக்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் அந்த நீரை விட்டு, அதன்மேல் இந்தத் தெளிவை மெதுவாக விடுவார்கள். பொருந்தினால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் பால் நிறத்தில் ஒரு வளையம் கட்டும். பொருந்தாவிட்டால் ஒன்றும் வராது. தம்பு ஐயா அந்த வளையத்துக்காகக் காத்து நிற்கும்போது மூச்சுக்கூட மெதுவாக விடுவார். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், மாமா.

ஆனால் சேவல் இரத்தம் என்று வந்தால் மட்டும் ஆண்டியப்பன் தப்பமாட்டான். வேறு கத்தியால் குத்தினான் என்பார்கள். அவன்மேல் சந்தேகம் வந்தது கழுவின கத்தியால் மட்டுமா? அவன் கண்டாக்கையாவை வெட்ட ஓங்கினான் என்ற கதை பொலிஸ் காதுக்கு எப்படிப் போனது? வட்டகொடைக் கடையில் அதை அவிழ்த்துவிட்டது யார்?

தடயம் என்று இங்கே ஒரு சொல் உண்டு. இரண்டு பொருள் மோதினால் இதில் கொஞ்சம் அதிலும், அதில் கொஞ்சம் இதிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டினதுதான் தடயம். கண்டாக்கையாவின் முதுகில் குத்தினது எதுவோ, அதில் அவருடைய இரத்தம் இருக்கும், அவர் போட்டிருந்த கோட்டின் நூல் இருக்கும். அது எங்கே? அவர் எந்த வழியாக வந்தார்? பொலிஸ் லயத்துக்கு வந்தது சரி, அவர் வந்த வழியில் யாராவது நடந்து பார்த்தார்களா? நீங்கள் பார்க்க நேர்ந்தால் தொடாதீர்கள், எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், திருநீறு பூசாதீர்கள். பொலிஸ் வரும்வரை வேறு யாரையும் தொட விடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் உண்மையிலேயே கத்தியை ஓங்கினானா?

நாகலெட்சுமி

*

ஐந்தாம் நம்பர் மலை,
தேயிலைக்கு நடுவில்.
2-2-55

மருமகளுக்கு,

கழிப்பறையில் நின்று படிக்கிற அளவுக்கு என் கடிதம் ஆகிவிட்டதா? நல்லது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கவர்னருக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். (ரங்கூனுக்கு நான் போகவே இல்லை என்று உன் அம்மா சொல்வாள். அவளுக்குப் பூகோளம் தெரியாது.) கடையில் நான் சொன்னது பொய் அல்ல, அலங்காரம். உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபத்தோடேயே நடந்து பார்க்கப் போனேன்.

இப்போது நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? ஒரு தேயிலைத் தூருக்குக் காவலாக, கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். மேலே கம்பளி, கையில் குடை. வெயில்தான் அடிக்கிறது. குடை எனக்கில்லை, தூருக்கு.

கண்டாக்கையாவின் பங்களாவில் சமைக்கிற மீனம்மாவைக் கேட்டேன். ரோட்டைச் சுற்றி வரச் சோம்பல்பட்டு, பனிக்குள்ளே வெட்டின மலையில் குறுக்கே இறங்கி வருவது ஐயாவின் வழக்கமாம். அன்றைக்கு டோர்ச்லைட்டும் கொண்டு போகவில்லை. அந்த வழியிலேயே மேலிருந்து இறங்கினேன். நான் நடந்தால் புல்லுக்கும் தெரியாது. பாதி மலையில், தண்ணி ஓடுகிற கானுக்கு மேல், சப்பாத்துக் குதி மண்ணை வழித்துக்கொண்டு போன தடம் நீளமாகத் தெரிந்தது. மனுஷன் வழுக்கி மல்லாக்க விழுந்திருக்கிறார். சரியாக அவர் முதுகு விழுகிற இடத்தில் ஒரு தூர். சாய்வாக வெட்டின முனை, ஈட்டி மாதிரி. நானே மேற்பார்வை பார்த்து வெட்டின வெட்டு, கூர் போகுமா? முனைக்குக் கீழே பட்டை வெடிப்பில் கறுத்த கறை. அதில் காக்கி நூல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாகு, அந்த நூலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, நேரே சார்ஜன் மேசையில் போட வேண்டும் என்று கை போய்விட்டது. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. தொடாதீர்கள், எடுக்காதீர்கள் என்று நீ காதுக்குள் கத்தின மாதிரி இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மிலாறு பொறுக்கப் பொம்பளைகள் வந்தார்கள். வெட்டிப் போட்ட குச்சியெல்லாம் அடுப்புக்கு ஆகுமே. அழகம்மா முன்னால் வந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

"என்ன கங்காணி, தேயிலைச் செடி சமைஞ்சிருச்சா? கொட புடிச்சு உக்காந்திருக்கீங்க?"

"கிட்ட வராத அழகம்மா. இது தடயம்."

"தடயமா? புதுச் சாமியா? படையல் என்ன, சேவலா, கெடாவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கூப்பிட்டுத் தூரத்திலிருந்து காட்டினேன். ஒட்டுகிற சங்கதியை நீ எழுதினபடியே சொன்னேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். அழகம்மா சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப ஆண்டியப்பன் குத்தலியா?" என்றாள். மிலாற்றுக் கட்டைக் கீழே போட்டாள். "நான் பொலிசுக்குப் போறேன். நீங்க போனா கதை சொல்லிக்கிட்டு நிப்பீங்க" என்று தலையில் போட்டிருந்த கொங்காணியை உதறிக்கொண்டு இறங்கினாள். அவளைப் போல ஒரு பொம்பளை இந்த மலைநாட்டில் கிடையாது. இதை அவளிடம் சொல்லாதே.

அவள் போனதும் கணக்கப்பிள்ளை பொன்னையா ஆட்களோடு வந்தார், தூரெல்லாம் பாசி சுரண்டிச் சீவ வேண்டுமாம். ஒரு சீவு சீவினால் உன் தம்பியின் விடுதலை கானோடு போய்விடும்.

"எந்திரிய்யா வீரய்யா, வேல கெடக்கு."

"இந்த ஒரு தூர விட்டுட்டு மலை பூராவும் சீவுங்க."

"தொரை கேட்டா?"

"தொரைய இங்க வரச் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

"பேரு போடமாட்டேன் பாத்துக்க."

"போடாதீங்க."

பேர் போடாவிட்டால் இன்றைய சம்பளம் இல்லை. பார்த்தார், பார்த்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேல் வரிசைக்குப் போய்விட்டார். என் பார்வையில் அப்படி ஒரு தீ.

அதோ, கீழே ரோட்டில் சார்ஜன் தொப்பி தெரிகிறது. அழகம்மா அவருக்கு முன்னால் நடக்கிறாள், கைது பண்ணிக் கூட்டி வருகிற மாதிரி. நிறுத்துகிறேன்.

மாமா

*

கொழும்பு
7-2-55

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை என் மேசையில் உட்கார்ந்தே படித்தேன். சிரித்தேன். பக்கத்து டைப்பிஸ்ட் என்னவென்று கேட்டாள். என் மாமா ஒரு செடிக்குக் குடை பிடித்தார் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்கும் தெம்பில்லை. அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாமா, இங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் மாதக்கணக்கில் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறதை நீங்கள் ஒரு கூடையில் உட்கார்ந்து செய்துவிட்டீர்கள். நடந்த இடம் நடந்தபடி இருக்க வேண்டும், அதுதான் முதல் பாடம். முக்கால்வாசி வழக்குகள் அங்கேயே கெட்டுப்போகின்றன என்பார் தம்பு ஐயா. உதவி செய்கிறேன் என்று வருகிறவர்களால்தான் அதிகம் கெடுமாம்.

சனிக்கிழமை, ஒரு தூரையே அறுத்து வைக்கிற நீளத்தில் ஒரு பெட்டி வந்தது. முத்திரை தெரிந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யார் கொடுத்தது, யார் வாங்கினது, எத்தனை மணிக்கு என்று கைமாறுகிற இடமெல்லாம் கையெழுத்து வாங்குவார்கள். நடுவில் ஒரு கை கணக்கில் வராவிட்டால் பொருள் செத்த பொருள். பிறகு உள்ளே தம்பு ஐயா உதவியாளரிடம் பேசின சத்தம் மட்டும் கேட்டது. நான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. "பட்டையிலை ஒரு விரல்கூடப் படேல்லை. இதைக் காத்தவன் ஆரெண்டாலும் வலு கெட்டிக்காரன்" என்றார். என் மாமா ஐயா அது என்று கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாய்க்கடி அறிக்கையை அடித்து முடித்தேன்.

இதை நீங்கள் கடையில் சொல்லக் கூடாது. வழக்கு முடிகிறவரைக்கும் கூடாது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

நாகு

*

வெள்ளிமலைத் தோட்டம்
13-2-55

நாகு,

கடையில் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. இரண்டு நாள் போகாமலே இருந்தேன். எனக்குச் சுகமில்லை என்று ஆட்கள் வீட்டுக்குப் பார்க்க வந்துவிட்டார்கள்.

கோட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. கண்டாக்கையாவுக்கும் ஆண்டியப்பனுக்கும் மலையில் நடந்த சண்டைக்கு நான் சாட்சியாம். பொலிஸ் பக்கத்துச் சாட்சி! கடையில் கேட்டவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நீ கேட்டது. கத்தியைத் தூக்கினான். வெட்டத் தூக்கவில்லை. "அளவுபடிதாங்க வெட்டியிருக்கேன், பாருங்க" என்று கத்தியைத் தலைகீழாகப் பிடித்துத் தூக்கி, தூருக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிடியளவு காட்டினான். கவ்வாத்து வெட்டுகிற எல்லாரும் அப்படித்தான் அளப்பார்கள். கண்டாக்கையா குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். தொப்பி தலையிலேயேதான் இருந்தது.

இதில் என்ன இருக்கிறது, சொல்லு? இதைக் கடையில் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் கொஞ்சம் மின்னல் சேர்த்தேன்.

இப்போது இதைக் கோட்டில் சொன்னால் வட்டகொடை முழுக்க என்னைப் புளுகன் என்று சொல்லும். இந்த மலையில் எனக்கு நிலமில்லை, வீடில்லை. லயத்துக் காம்பராகூட துரையுடையது. எனக்கென்று இருப்பது நான் பேச உட்கார்ந்தால் நாலு பேர் வந்து உட்காருவது மட்டும்தான். அது போய்விடும்.

சொல்லாமல் இருக்கப் போகிறேன் என்று நினைக்காதே. சொல்லத்தான் போகிறேன். சும்மா உன்னிடம் எழுதினேன்.

வீரய்யா

*

கொழும்பு
17-2-55

அன்புள்ள மாமா,

கண்டது வேறு, கேட்டது வேறு, நினைத்தது வேறு. ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத விடமாட்டார்கள். கோட்டில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சொன்னதும் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கோட்டில் துப்ப முடியாது.

உங்கள் மின்னலும் ரங்கூனும் இல்லாவிட்டால் அந்த லயத்தில் நான் எப்படி வளர்ந்திருப்பேன் என்று தெரியவில்லை. இந்த மலைக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது உங்கள் புளுகுதான். அதை நான் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. கூண்டில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கீழே வைத்துவிடுங்கள். கடையில் நாலு பேர் வராவிட்டால் நான் லீவு போட்டு வந்து உட்காருகிறேன்.

நாகு

*

வெள்ளிமலைத் தோட்டம்
9-3-55

வெற்றி! வெற்றி! வெற்றி!

மருமகளே, உன் தம்பி வந்துவிட்டான்.

நேற்றுக் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். கொட்டகலை, கொத்மலையிலிருந்தெல்லாம் பத்தாயிரம் பேர். (உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். நாற்பது பேர் என்கிறாள். அவள் வெளியே நின்றவர்களை எண்ணவில்லை.) ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் ஏறினார். வெட்டுக் காயமென்றால் ஓரம் கத்தரித்த துணி மாதிரி நேராக இருக்குமாம், இது ஓரம் நைந்து கிழிந்த காயமாம். உள்ளேயிருந்து அவர் எடுத்த சிறாய்கள் தேயிலை மரத்துப் பட்டையாம். ஒரு சின்னக் குப்பியில் போட்டு வைத்திருந்தார். கோட்டில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு உங்கள் தம்பு ஐயாவின் காகிதத்தை வாசித்தார்கள். ஐயா, அதுவல்லவா காகிதம்! கத்திப் பிடியில் இருந்தது கோழி இரத்தம். சட்டையில் இருந்ததும் அதுவே. தூரில் இருந்தது மனித இரத்தம். அங்கே நான் எழுந்து நின்றுவிட்டேன், 'கண்டாக்கையா இரத்தமேதான்' என்று வரப்போகிறது என்று. வரவில்லை. காயம்பட்டவரின் இரத்தப் பிரிவோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் எழுதியிருந்தார். நூலும் அப்படித்தான், அவருடைய கோட்டு நூலோடு ஒத்துப்போகிறது. இவ்வளவு தெரிந்த மனுஷன், தெரிந்ததற்கு மேலே ஒரு சொல் போடவில்லை பார்! நானாக இருந்தால் அந்த இரத்தத்தின் ராசி நட்சத்திரம் வரை எழுதியிருப்பேன். அப்பேர்ப்பட்டவர் இருக்கிற கூரைக்குக் கீழே நீ இருக்கிறாய் என்று நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். இதை அலங்காரமில்லாமல் எழுதுகிறேன்.

"அவர் கத்தியைத் தூக்கினதைக் கண்டீரா?" என்றார் பொலிஸ் பக்கத்துக்காரர்.

"கண்டேனுங்க."

உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தூக்கி?"

"செடிகிட்ட வச்சு அளந்து காட்டுனானுங்க. ஐயா பாத்துட்டுப் போயிட்டாருங்க."

"ஓடினாரா?"

"நடந்தாருங்க."

"நீர் கடையில் வேறு விதமாகச் சொன்னதாகக் கேள்வி."

"அது டீ குடிச்சுக்கிட்டுச் சொன்னதுங்க. இது சத்தியம் பண்ணிட்டுச் சொல்றது."

பின்னால் வட்டகொடை ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அதற்கு மேல் பேசவில்லை. நாக்கு நாலு தரம் எழுந்தது, நாலு தரமும் உட்கார வைத்தேன்.

விடுதலை என்று சொன்னதும் சிவபாதம் கண்டாக்கையா முதுகை நிமிர்த்த முடியாமல் வெளியே வந்து ஆண்டியப்பன் முன்னால் நின்றார். "தம்பி, நான் விழுந்தனெண்டு எனக்கே தெரியேல்லை. ஆரோ குத்தினதெண்டுதான் நம்பினனான்" என்றார். உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "டோர்ச்லைட் கொண்டு போங்கய்யா" என்றான். அவ்வளவுதான். நம் வம்சத்தில் இப்படிச் சுருக்கமாகப் பேசுகிறவன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை.

சாயந்தரம் கடைக்குப் போகாமல் இருந்தேன். அழகம்மா வந்து, "என்ன கங்காணி, நாங்க பூராவும் கடைவாசல்ல உக்காந்திருக்கோம், கோட்டுக் கதைய யாரு சொல்றது?" என்று கூட்டிக்கொண்டு போனாள். சொன்னேன். மஜிஸ்திரேட் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்த இடத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமா சொல்கிறதில் எது மெய், பையன் உண்மையிலே வந்துவிட்டானா, நம் மனசைத் தேற்ற எழுதுகிறாரா என்று நீ முழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ ஆராய்ச்சிக்கூடத்துக்காரி. அத்தாட்சி இல்லாமல் நம்பமாட்டாய். எழுத்தை யாரும் எழுதலாம். ஆகவே கீழே உன் தம்பியின் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறேன். அவன் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான், எழுந்து வரமாட்டேன் என்கிறான். மை தேட நேரமில்லை. இருந்தபடியே பிடித்து அழுத்திவிட்டேன்.

உன் மாமா வீரய்யா

*

கொழும்பு
12-3-55

அன்புள்ள மாமா,

நீங்கள் அனுப்பின ரேகையில் ஒரு கோடுகூடத் தெளிவாக இல்லை. ஒரே அப்பல். காகிதத்தில் எண்ணெய் ஊறி, உங்கள் கையெழுத்தில் பாதியையும் தின்றுவிட்டது. இங்கே கொடுத்தால் ஒப்பிட லாயக்கில்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

முகர்ந்து பார்த்தேன். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு.

மாமா, எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நாகு